கதையை வளர்க்கலாம், பெயரை மறைக்கலாமா?

தாம்பரத்தில் ஏறி உட்கார்ந்தால் கடற்கரை போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம். 1931-ம் ஆண்டில் இந்தப் பாதையில் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் இன்று வரை அந்த ஒரு மணி நேரத்தில் மக்கள் செய்து வரும் காரியங்கள் மூன்று. ஒன்று, தூக்கம். இன்னொன்று, அரட்டை. மூன்றாவது, கதை படிப்பது.

முன்பெல்லாம் கையில் வார இதழ் இருந்தது. இப்போது செல்போன் இருக்கிறது. கதை மட்டும் மாறவில்லை. குரோம்பேட்டையில் ஏறுகிறவர் வந்தியத்தேவனைப் படிக்கிறார். பல்லாவரத்தில் ஏறுகிறவர் சிவகாமியைப் படிக்கிறார்.

படிப்பதோடு நின்று விடுகிறார்களா? இல்லை. எழுதவும் செய்கிறார்கள்!

கல்கி முடித்த இடத்தில் இருந்து கதையைத் தொடருகிறார்கள். சினிமாவில் செத்துப்போன கதாநாயகனைப் பிழைக்க வைக்கிறார்கள். டெலிவிஷன் தொடரில் பிரிந்து போன தம்பதியைச் சேர்த்து வைக்கிறார்கள். எழுதியதை நாலு பேருக்கு அனுப்புகிறார்கள். அந்த நாலு பேர் நாற்பது பேருக்கு அனுப்புகிறார்கள்.

இதற்கு "ரசிகர் கதை" என்று பெயர். இன்னொருவர் படைத்த பாத்திரங்களை வைத்துக்கொண்டு, ரசிகர் ஒருவர், காசு எதிர்பாராமல், ஆசைக்காக எழுதுகிற கதை.

இது நல்ல பழக்கம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இன்னொருவர் கதையை வளர்த்து எழுதிப் பழகியவர், நாளைக்குச் சொந்தக் கதையும் எழுதுவார்.

ஆனால், அடுத்தவர் வீட்டுக்குள் போகிறவருக்குச் சில மரியாதைகள் உண்டு. செருப்பை வாசலில் விட வேண்டும். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். அடுக்களை வரை போய்ச் சட்டியை உருட்டக் கூடாது. அடுத்தவர் கதைக்குள் போகிறவருக்கும் இப்படிப்பட்ட மரியாதைகள் இருக்கின்றன. அவை இப்போது மறந்து வருகின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பழைய வழக்கம்

"அடுத்தவர் கதையை எடுத்து எழுதுவதே தவறு அல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

தவறு என்றால், தமிழில் பாதி இலக்கியம் தவறு ஆகி விடும்!

கம்பர் எழுதியது யார் கதை? வால்மீகியின் கதை. ஆனால் கம்பர் அதை அப்படியே எழுதவில்லை. வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பரில் அவளைத் தொடாமல், குடிசை இருந்த நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் செல்கிறான். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் புதிதாகச் சேர்த்தார். அதைப் படித்து யாராவது கம்பரைத் திருடர் என்று சொன்னார்களா? கவிச்சக்கரவர்த்தி என்றுதான் சொன்னார்கள்.

நம் இலக்கணக்காரர்கள் இதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பவணந்தி முனிவர் நன்னூலில் நூல்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார். முதல் நூல், வழி நூல், சார்பு நூல். முன்னவர் சொன்ன முடிவை ஏற்றுக்கொண்டு, தனக்கு வேண்டிய மாறுதல்களையும் சேர்த்துச் சொல்வது வழி நூல். ஒரு பகுதியில் மட்டும் ஒத்துப்போய், மற்றதில் வேறுபடுவது சார்பு நூல்.

இன்றைய ரசிகர் கதையும் இந்த இரண்டில் ஒன்றுதான். பொன்னியின் செல்வன் முடிந்த பிறகு என்ன நடந்தது என்று எழுதினால், அது வழி நூல் மாதிரி. குந்தவைக்கும் நந்தினிக்கும் செல்போன் கொடுத்து, தாம்பரத்தில் குடிவைத்து எழுதினால், அது சார்பு நூல் மாதிரி. பெயர்தான் புதிது. சரக்கு பழையது.

தென்சென்னையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை மறைமலை அடிகள் வாழ்ந்த ஊர் பல்லாவரம். அவர் எழுதிய நாவல் "குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி". அது ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவல் ஆசிரியர் எழுதிய "லைலா" கதையைத் தழுவியது. எங்கோ நடந்த கதை, தமிழ்ப் பெயர்களோடு தமிழ்க்கதையாக மாறியது.

ஆகவே, எடுத்து எழுதுவது குற்றம் அல்ல. எப்படி எடுத்து எழுதுகிறோம் என்பதுதான் கேள்வி.

கல்கிக்குப் பிறகு

"பொன்னியின் செல்வன்" 1950-ம் ஆண்டு முதல் 1954-ம் ஆண்டு வரை கல்கி வார இதழில் தொடர்கதையாக வந்தது. வாரா வாரம் பக்கங்களைக் கிழித்து எடுத்து, மணியம் வரைந்த படங்களோடு பைண்டு செய்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம்.

கதை முடிந்ததும் வாசகர்களுக்குத் திருப்தி இல்லை. "இவ்வளவு சீக்கிரம் முடித்து விட்டீர்களே! அவர் என்ன ஆனார்? இவர் என்ன ஆனார்?" என்று கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்பதை விளக்க வேண்டி வந்தது. அதே 1954-ம் ஆண்டு டிசம்பரில் கல்கி காலமானார்.

ஆசிரியர் போய்விட்டார். ஆசை போகவில்லை. "அமுதசுரபி" ஆசிரியராகப் பல்லாண்டுகள் இருந்த விக்கிரமன், அந்தக் கதையின் தொடர்ச்சியாக "நந்திபுரத்து நாயகி" எழுதினார். பின்னால் அனுஷா வெங்கடேஷ் "காவிரி மைந்தன்" எழுதினார். 2022, 2023-ம் ஆண்டுகளில் மணிரத்னத்தின் படம் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. புத்தகமே படிக்காதவர்களும் வந்தியத்தேவனை அறிந்துகொண்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. "பொன்னியின் செல்வன்" ஐந்து பாகங்கள் கொண்டது. விக்கிரமன் தம் நாவலுக்கு "பொன்னியின் செல்வன், ஆறாம் பாகம்" என்று பெயர் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? கடைக்காரருக்கு விற்பனை எளிதாக இருந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. கதையைத் தொடர்ந்தார். தலைப்பைத் தனியாக வைத்தார். இதுதான் மரியாதை.

ஸ்பெயின் தேசத்தில் நடந்தது

இந்த மரியாதை தவறினால் என்ன ஆகும்? 400 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பட்டுப் பார்த்திருக்கிறார்.

ஸ்பெயின் நாட்டில் செர்வாண்டிஸ் என்ற எழுத்தாளர் 1605-ம் ஆண்டு "டான் குவிக்சாட்" என்ற நாவலின் முதல் பாகத்தை வெளியிட்டார். நாடே கொண்டாடியது. இரண்டாம் பாகத்தை அவர் எழுதிக்கொண்டு இருக்கும்போது, 1614-ம் ஆண்டு கடையில் ஓர் "இரண்டாம் பாகம்" வந்தது. எழுதியது யார்? அவெல்லனேடா என்ற புனைபெயரில் ஒளிந்துகொண்ட ஒருவர். ஒளிந்துகொண்டதோடு விட்டாரா? முன்னுரையில் செர்வாண்டிசையே கேலி செய்தார்.

செர்வாண்டிஸ் கொதித்தார். அடுத்த ஆண்டே, 1615-ல், தம்முடைய இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். அதில் போலிப் புத்தகத்தைக் கிழித்துத் தொங்க விட்டார். போலியில் கதாநாயகன் சரகோசா நகருக்குப் போகிறான். "அப்படியானால் என் ஆள் அங்கே போகவே மாட்டான்" என்பது போல, அசல் கதாநாயகனைப் பார்சிலோனாவுக்குத் திருப்பி விட்டார்!

அவெல்லனேடா செய்த தவறு என்ன? தொடர்ச்சி எழுதியது அல்ல. அசல் மாதிரி வேடம் போட்டது. தன் பெயரை மறைத்தது. கதையைப் பெற்றவரை அவமதித்தது. இந்த மூன்றையும் தவிர்த்து விட்டால் ரசிகர் கதைக்கு யாரும் கோபித்துக்கொள்ளத் தேவை இல்லை.

மணியோசை முன்னே வரட்டும்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. கதை வரும் முன் ஒரு குறிப்பு வரவேண்டும்.

அந்தக் குறிப்பில் என்ன இருக்க வேண்டும்? இதற்கும் நன்னூலைத்தான் புரட்ட வேண்டும். ஒரு நூலுக்குப் பாயிரம் எழுதினால் எட்டு விவரங்கள் சொல்ல வேண்டும் என்கிறது நன்னூல். எழுதியவர் பெயர், எந்த வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, நூலின் பெயர், எப்படித் தொகுக்கப்பட்டது, என்ன பொருள், யார் கேட்பதற்கு உரியது, என்ன பயன்.

இன்றைய ரசிகர் இந்த எட்டில் ஐந்தை நான்கு வரிகளில் எழுதி விடலாம்.

கதையின் பெயர் என்ன? எழுதியவர் யார்? எந்தக் கதையின் வழியில், யாருடைய பாத்திரங்களை வைத்து எழுதியது? எதைப் பற்றியது? யார் படிக்கலாம், சிறுவர்கள் படிக்கலாமா, கூடாதா?

இவ்வளவுதான். எழுத ஒரு நிமிடம் ஆகும். படிக்கக் கால் நிமிடம் ஆகும்.

கம்பர் இதைச் செய்தார். வடமொழியில் இந்தக் கதையைச் செய்தவர்கள் மூவர் என்றும், அவர்களில் முதல்வர் வழியைத் தாம் பின்பற்றுவதாகவும் தொடக்கத்திலேயே சொல்லி விட்டார். பாற்கடலைக் குடிக்கப் புகுந்த பூனை என்று தம்மையே தாழ்த்திக்கொண்டார். பாரதியாரும் "பாஞ்சாலி சபத"த்தின் முன்னுரையில், வியாசரின் பாரதத்தைத் தழுவிச் செய்தது என்று கூறினார். கவிச்சக்கரவர்த்திக்கும் மகாகவிக்கும் இதில் கௌரவக் குறைவு ஏற்படவில்லை. நமக்கு மட்டும் ஏற்பட்டு விடுமா?

படிக்கிறவரின் மனம் புண்படக்கூடும் என்றால், அதையும் முன்னதாகச் சொல்லி விடுவது நல்லது. புதுமைப்பித்தன் 1943-ம் ஆண்டு "சாப விமோசனம்" என்ற சிறுகதையைக் கலைமகளில் எழுதினார். அகலிகையின் கதை. ராமாயணத்தில் இருந்து அது வெகுதூரம் விலகிப் போகிறது. அவர் என்ன செய்தார்? ராமாயணம் அறிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைத் தாம் பொருட்படுத்தவில்லை என்ற கருத்தில் தலைப்பின் கீழேயே குறிப்பு எழுதினார். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். படிக்கிறவர்கள் தெரிந்தே படிக்கலாம். அவர் பணிந்து போகவும் இல்லை. யாரையும் ஏமாற்றவும் இல்லை.

குறிப்பு இல்லாமல் போனால் வரும் சண்டையையும் நம் இலக்கிய உலகம் பார்த்திருக்கிறது. கல்கியின் சில கதைகள் பிறநாட்டுக் கதைகளின் தழுவல் என்று புதுமைப்பித்தன் தாக்கினார். புதுமைப்பித்தனின் சில கதைகளே மாப்பசான் என்ற பிரெஞ்சு எழுத்தாளரைத் தழுவியவை என்று பின்னால் எடுத்துக்காட்டினார்கள். இருவரும் பெரியவர்கள். கதைக்கு மேலே "இன்னாரைத் தழுவியது" என்று ஒரு வரி இருந்திருந்தால், இவ்வளவு மை செலவாகி இருக்காது.

பல்லாவரம் குகையில் சிவகாமி

"இது என்ன, விளையாட்டுக்கு எழுதுகிற கதை. இதற்குப் போய் இத்தனை சட்ட திட்டமா?" என்று கேட்பவர்கள் உண்டு.

அவர்களுக்கு ஒரு கற்பனைச் சம்பவத்தைச் சொல்கிறேன்.

பல்லாவரத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயில் ஒன்று இருக்கிறது. அந்த மன்னனின் பட்டப்பெயர்கள் அங்கே கல்லில் வெட்டப்பட்டு இருக்கின்றன. இன்று அந்த இடம் தர்காவாக விளங்குகிறது.

பல்லாவரத்து மாணவி ஒருத்தி "சிவகாமியின் சபதம்" படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்க் குகையில் சிவகாமி ஒரு நாள் நடனம் ஆடியிருந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றுகிறது. அழகாக ஒரு கதை எழுதுகிறாள். தோழிகளுக்கு அனுப்புகிறாள். மேலே "இது கல்கியின் நாவலைப் படித்து நான் எழுதிய கற்பனை" என்று எழுதவில்லை. கீழே தன் பெயரையும் போடவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தக் கதை அவள் அப்பாவின் செல்போனுக்கு வந்து சேருகிறது. யார் யாரோ அனுப்பி, எங்கெங்கோ சுற்றி வந்து இருக்கிறது. மேலே புதிதாக ஒரு தலைப்பு: "பல்லாவரத்தின் மறைக்கப்பட்ட வரலாறு!" கீழே ஒரு வரி: "உண்மையான தமிழனாக இருந்தால் பகிரவும்!"

மகேந்திரவர்மன் வரலாற்றில் உண்டு. அவன் மகன் நரசிம்மவர்மன் உண்டு. வாதாபியை வென்ற பரஞ்சோதி உண்டு. ஆனால் சிவகாமி கல்கியின் கற்பனை. ஆயனச் சிற்பியும் கற்பனை. இல்லாத ஒரு பெண் ஆடாத ஒரு நடனம், வரலாறு என்று வேடம் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றுகிறது. அந்த இடத்தில் இன்று தொழுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் கோயிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பாருக்கும் இடையே ஒரு வீண் வார்த்தை முளைக்க, இப்படி ஒரு பொய் வரலாறு போதாதா?

அந்தப் பெண் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. ஒரு வரி எழுதாமல் விட்டாள். அவ்வளவுதான்.

பொன்னியின் செல்வனிலும் இதே கதைதான். உடையார்குடிக் கல்வெட்டில் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் முதலியோரின் பெயர்கள் இருக்கின்றன. அது வரலாறு. நந்தினி அந்தக் கல்வெட்டில் இல்லை. அவள் கல்கியின் மூளையில் பிறந்தவள். பூங்குழலியும் அப்படியே. ஆனால் நந்தினி உண்மையில் வாழ்ந்தவள் என்றே இன்று பலர் நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். கல்கி நாவல் என்று சொல்லித்தான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் "நாவல்" என்ற சொல்லை உதிர்த்து விட்டார்கள்.

ஆகவே சரித்திரக் கதையை வளர்க்கிறவர்கள் இன்னும் ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும். இதில் வரலாறு எது, மூல ஆசிரியரின் கற்பனை எது, என் கற்பனை எது என்று சொல்லி விட வேண்டும்.

பழைய ஏடுகளில் இது நேராமல் போனதால் புலவர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் தெரியும். யார் யாரோ பாடல்களை இயற்றிக் கம்பராமாயணத்தின் நடுவே செருகி விட்டார்கள். "வெள்ளிப் பாடல்கள்" என்று அவற்றுக்குப் பெயர். எது கம்பர் பாட்டு, எது செருகிய பாட்டு என்று பிரித்து எடுக்கப் பதிப்பாசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். செருகியவர் தம் பெயரைப் போட்டுத் தனி நூலாகப் பாடி இருந்தால், அவருக்கும் புகழ் கிடைத்திருக்கும். கம்பருக்கும் தொல்லை இருந்திருக்காது.

உயிரோடு இருப்பவர்களை விட்டு விடுங்கள்

கதாபாத்திரத்தை வைத்துக் கதை எழுதுவது வேறு. நடிகர் நடிகைகளை, விளையாட்டு வீரர்களை வைத்துக் கதை எழுதுவது வேறு. இந்த இரண்டாவது வகையும் இப்போது உலவுகிறது.

வந்தியத்தேவன் காதலித்தால் அவனுக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. அந்த வேடத்தில் நடித்தவருக்கு மனைவி மக்கள் இருக்கிறார்கள். நடிகைக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள். அவர்களுடைய சொந்தப் பெயரில், அவர்கள் செய்யாத காரியங்களைச் செய்ததாக எழுதுவது கதை அல்ல, அவதூறு. "கற்பனை" என்று மேலே எழுதினாலும் இந்தப் பாவம் தீராது. பரவிய பிறகு அந்தச் சொல்லை யார் படிக்கப் போகிறார்கள்?

வேடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளை விட்டு விடுங்கள்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

மரியாதையோடு சட்டமும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது.

இந்தியாவில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் இருந்து இதைக் கணக்கிட வேண்டும்.

கல்கியின் நூல்களைத் தமிழக அரசு முன்பே நாட்டுடைமை ஆக்கி விட்டது. அவர் இறந்து 60 ஆண்டுகளும் கடந்து விட்டன. வந்தியத்தேவனை யார் வேண்டுமானாலும் குதிரை ஏற்றலாம்.

சுஜாதா அப்படி அல்ல. அவர் 2008-ம் ஆண்டில் காலமானார். 2068-ம் ஆண்டின் முடிவு வரை அவர் எழுத்துக்கு உரிமை இருக்கிறது. வக்கீல் கணேசையும் வசந்தையும் வைத்து நீங்கள் கதை எழுதி நண்பர்களுக்குள் படித்து மகிழ்வது ஒன்று. அதைப் புத்தகமாகப் போட்டு விலை வைப்பது இன்னொன்று. விலை வைக்க நினைத்தால், முதலில் உரிமை உள்ளவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

காசு வாங்காவிட்டால் எதையும் செய்யலாம் என்றும் நினைக்க வேண்டாம். தாம் எழுதியது தம்முடையதே என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தம் பெயருக்குக் களங்கம் வரும்படி அதைத் திரித்தால் தடுக்கும் உரிமையும் ஆசிரியருக்கு உண்டு. அதே சட்டம் அதையும் சொல்லுகிறது. மூல நூலின் வாக்கியங்களைப் பக்கம் பக்கமாக எடுத்து, நடுவே நம் நாலு வரியைச் சேர்த்து அனுப்புவது ரசிகர் கதை ஆகாது. பாத்திரம் அவருடையதாக இருக்கலாம். வாக்கியம் நம்முடையதாக இருக்க வேண்டும்.

பார்வைக்கும் ஓர் ஒழுங்கு

விஷயம் நன்றாக இருந்தும், பார்த்தவுடன் தள்ளி விடத் தோன்றுகிற கதைகள் உண்டு. காரணம், எழுதிய விதம்.

முன்பு பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புகிறவர்களுக்குச் சில விதிகள் இருந்தன. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். ஓரத்தில் இடம் விட வேண்டும். பக்க எண் போட வேண்டும். தபால் தலை ஒட்டிய, சுயவிலாசம் எழுதிய உறையை இணைக்க வேண்டும். இதெல்லாம் ஆசிரியரின் அதிகாரத்தைக் காட்டுவதற்கு அல்ல. படிக்கிறவரின் கண்ணுக்குக் காட்டும் இரக்கம்!

செல்போனில் படிக்கிறவருக்கும் கண் உண்டு. சிறிய திரை, ஆடுகிற ரெயில், நின்றுகொண்டு படிக்கிற ஆள். அவருக்காகச் சில யோசனைகள்:

தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ், கல் கலந்த சோறு மாதிரி. ஒவ்வொரு வாய்க்கும் நின்று நின்று விழுங்க வேண்டும்.

யூனிகோடு எழுத்தில் அடியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால், உங்கள் கணினியில் காவியமாகத் தெரிவது, அடுத்தவர் செல்போனில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

பத்தி பிரியுங்கள். நாலைந்து வாக்கியத்துக்கு ஒரு பத்தி போதும். ஒருவர் பேசி முடித்து இன்னொருவர் பேசத் தொடங்கினால், புதிய வரியில் தொடங்குங்கள். பேச்சுக்கு மேற்கோள் குறி போடுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியாமல் மூன்று தடவை படிக்க வைக்காதீர்கள்.

ஆச்சரியக்குறி ஒன்று போதும். ஐந்து போட்டால் ஐந்து மடங்கு ஆச்சரியம் வராது. பொம்மை முகங்களைக் கதைக்குள் வைக்காதீர்கள். அழுகிற பொம்மையைப் போடுவதால் யாரும் அழுது விடமாட்டார்கள். எழுத்து அழ வைக்க வேண்டும்.

சந்திப்பிழை, எழுத்துப்பிழை பார்த்த பிறகு அனுப்புங்கள். முடிந்தால் ஒரு நண்பரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எழுதினவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

நீண்ட கதையாக இருந்தால் பகுதி பிரித்து அனுப்புங்கள். இதற்கு நம் வார இதழ்கள் அருமையான முறையை வகுத்து வைத்திருக்கின்றன. மேலே கதையின் தலைப்பு. அதன் கீழ் அத்தியாயத்தின் எண்ணும் பெயரும். பிறகு "முன் கதைச் சுருக்கம்", நாலே வரியில். கடைசியில் "தொடரும்". கதை முடிந்தால் "முற்றும்". இந்த ஒழுங்கு இருந்ததால்தான், நடுவில் இரண்டு இதழ்களைத் தவற விட்டவரும் கதையைப் பிடித்துக்கொண்டு போக முடிந்தது.

ஒவ்வொரு பகுதியிலும் உங்கள் பெயரையும், மூல ஆசிரியரின் பெயரையும் எழுதுங்கள். முதல் பகுதியில் மட்டும் எழுதினால், ஏழாம் பகுதி தனியாகப் பிரிந்து அநாதையாக அலையும்.

எழுத முடியாமல் நின்று போனால், "இனி இந்தக் கதை வராது" என்று ஒரு வார்த்தை சொல்லி விடுங்கள். விருந்துக்கு அழைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது நியாயமா?

படிக்கிறவர்களுக்கும் கடமை உண்டு

எழுதுகிறவர்களையே சொல்லிக்கொண்டு இருந்தால் போதாது. படிக்கிறவர்களின் பங்கும் இருக்கிறது. இன்னும் சொன்னால், பெரிய பங்கு அவர்களுடையது.

சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ ஓர் அம்மாள், வீட்டு வேலை முடித்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஒரு கதை எழுதுகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அதில் சம்பளம் இல்லை. பரிசு இல்லை. கிடைக்கக்கூடியது ஒன்றே ஒன்று. "இதை இன்னார் எழுதினார்" என்ற பெயர்.

அந்தக் கதை உங்களுக்குப் பிடிக்கிறது. உறவினர்களுக்கு அனுப்புகிறீர்கள். அனுப்பும்போது கடைசி வரியில் இருந்த பெயரை வெட்டி விடுகிறீர்கள். அல்லது, "படித்ததில் பிடித்தது" என்று போட்டு விடுகிறீர்கள். சிலர் இன்னும் துணிந்து தங்கள் பெயரையே போட்டுக்கொள்ளுகிறார்கள்!

இது கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிற காரியம். புண்ணியம் உங்களுக்கு, நஷ்டம் அந்த அம்மாளுக்கு. அவருக்கு இருந்த ஒரே கூலியையும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அடுத்த கதையை அவர் ஏன் எழுத வேண்டும்?

ஆகவே, பெயரோடு அனுப்புங்கள். பெயர் தெரியாவிட்டால், அனுப்பியவரிடம் கேளுங்கள். கதையைத் திருத்தாதீர்கள், சுருக்காதீர்கள், முடிவை மாற்றாதீர்கள். வேறு இடத்தில் போட வேண்டும் என்றால் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்.

பிடித்திருந்தால் "அருமை" என்று மட்டும் சொல்லாமல், எந்த இடம் அருமை என்று சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் கதையைக் குறை சொல்லுங்கள். எழுதியவரைக் குறை சொல்லாதீர்கள். "நந்தினி இப்படிப் பேசமாட்டாளே" என்பது விமர்சனம். "உனக்கெல்லாம் எதற்கு எழுத்து" என்பது வசை. அடுத்த பகுதி எப்போது என்று மணிக்கு ஒரு தடவை நச்சரிக்காதீர்கள். முடிவைத் தெரிந்துகொண்டவர்கள், படிக்காதவர்களிடம் அதை உடைக்காதீர்கள்.

இதில் என்ன லாபம்?

இவ்வளவு மரியாதையும் பார்த்து எழுத வேண்டுமா? சொந்தமாகவே ஒரு கதை எழுதி விட்டால் என்ன என்று தோன்றலாம். எழுதுங்கள். நல்லது.

ஆனால், ரசிகர் கதைக்கு என்று ஒரு தனிப் பெருமை உண்டு. ஒரு கதை மக்கள் மனத்தில் உயிரோடு இருக்கிறதா என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆங்கில எழுத்தாளர் கானன்டாயில் 1893-ம் ஆண்டு ஷெர்லக் ஹோம்சை அருவியில் தள்ளிக் கொன்றார். வாசகர்கள் விடவில்லை. கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். தாங்களாகவே ஹோம்ஸ் கதைகளை எழுதினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1903-ல், ஹோம்ஸ் சாகவில்லை என்று கானன்டாயிலே எழுத வேண்டி வந்தது! அமெரிக்காவில் 1967-ம் ஆண்டு "ஸ்டார் டிரெக்" என்ற டெலிவிஷன் தொடரின் ரசிகர்கள், தங்கள் கதை கட்டுரைகளுக்கு என்றே கையால் அச்சடித்து ஓர் இதழ் நடத்தினார்கள். யாரும் வளர்க்க ஆசைப்படாத கதை, நூலகத்தில் தூசி படிந்து கிடக்கிற கதைதான்.

தமிழில் அந்த ஆசை குறையவில்லை. வால்மீகியில் இருந்து கம்பர் வந்தார். வியாசரில் இருந்து பாரதியார் வந்தார். கல்கியில் இருந்து விக்கிரமன் வந்தார். நாளைக்குப் பெருங்களத்தூரில் இருந்தோ மேடவாக்கத்தில் இருந்தோ ஒருவர் வரலாம். அவருடைய முதல் எழுத்து, இன்று யாருடைய செல்போனிலோ பெயர் இல்லாமல் சுற்றிக்கொண்டு இருக்கலாம்.

அவர் பெயர் நமக்குத் தெரிய வேண்டாமா?

எழுதுகிறவர்கள் மேலே நாலு வரி எழுதட்டும். அனுப்புகிறவர்கள் கீழே உள்ள ஒரு வரியை வெட்டாமல் இருக்கட்டும். இந்த ஐந்து வரி மரியாதை போதும். கதையும் வளரும், எழுதியவரும் வளருவார்.